பாலாவியின் பிள்ளைகள் எழுதட்டும்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புகள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாறின. ஆசிரியர்கள் பாடக்குறிப்பைப் படமெடுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுதி, அதையும் படமெடுத்து அனுப்பினார்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாடசாலைகள் திறந்த பிறகும் அந்தக் குழுக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அறிவித்தல் பலகையாக.

இணையம் கற்பித்தலுக்கு உண்மையில் உதவுவது, பிள்ளை அதில் தானே எழுதும்போதுதான். கொப்பிக் கட்டுரைக்கு ஆசிரியர் ஒருவரே வாசகர். வகுப்புக்கென ஒரு வலைப்பூ இருந்தால் பெற்றோரும் வாசிப்பார்கள், கட்டாரில் வேலை செய்யும் மாமாவும் வாசிப்பார். வாசிக்க ஆள் உண்டென்று தெரிந்த பிள்ளை தகவலைச் சரிபார்க்கும், பிழையைத் திருத்தும். பிளாகரும் வேர்ட்பிரஸும் இலவசமாகவே கிடைக்கின்றன. கையால் எழுதியதை ஆசிரியரின் ஒரே போனில் ஏற்றிவிடலாம்.

புத்தளம் மாவட்டத்துப் பாலாவியில் எழுதுவதற்கு விஷயப் பஞ்சமில்லை. கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றி உப்பாவது விஞ்ஞானம். அருவக்காலுச் சுண்ணக்கல் ரயிலேறிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வருவது புவியியல். எல்லாவற்றிலும் பெரியது 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தார்கள். அன்று கைக்குழந்தையோடு வந்த தாய்மார் இன்று உம்மம்மாமார். எந்த வழியாக வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள், முதல் மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று பேரப்பிள்ளைகள் இப்போதே கேட்டு எழுதவேண்டும். அந்த உம்மம்மாமார் போனபின் கேட்க ஆளிருக்காது.

எழுதப் பழகும்போதே இணையத்தை வாசிக்கவும் பழகவேண்டும். ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்கு மூன்று வாரம் கழித்து, 2019 மே மாதம், இதே மாவட்டத்துச் சிலாபத்தில் முஸ்லிம் ஒருவர் முகநூலில் இட்ட சிறு பின்னூட்டம் மிரட்டலென்று எடுத்துக்கொள்ளப்பட்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வன்முறை வேறு ஊர்களுக்கும் பரவி, மாவட்டத்தில் ஓர் உயிர் போனது. ஊரடங்கு வந்தது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒரு ஸ்கிரீன்ஷொட் கைக்கு வந்தால், யார் எழுதியது, எதற்குப் பதிலாக எழுதியது, வெட்டப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையில்தான் ஊட்டமுடியும். பாடத்திட்டத்தில் வேறெதைத் தள்ளிவைத்தாலும் இதைத் தள்ளிவைக்கக் கூடாது.

காவலும் தேவை. பேஸ்புக் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கை அனுமதிப்பதில்லை. எனவே வலைப்பூவின் கணக்கும் ஆசிரியர் பொறுப்பில், அதிபருக்குத் தெரிந்து இருக்கட்டும். பெற்றோரின் கையெழுத்தை வாங்குங்கள். பிள்ளையின் முழுப்பெயர், முகப்படம், விலாசம் எதுவும் வேண்டாம். பின்னூட்டம் ஆசிரியர் பார்த்த பிறகே வெளிவரட்டும்.

ஆசிரியர்களே, அடுத்த தவணையில் ஒரேயொரு வகுப்போடு தொடங்குங்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளையின் கட்டுரையை முதலில் ஏற்றுங்கள்.