மூளையில் கட்டி உள்ளவருக்கு "கரண்ட்" வைக்கலாமா?

வைட்ஃபீல்ட் ரயில் நிலைய டிக்கெட் ஜன்னலில் ஓர் அம்மாள் கண்டோன்மெண்டுக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். பக்கத்தில் தலை குனிந்தபடி அவர் கணவர். இரண்டு மாதமாகச் சாப்பாடில்லை, பேச்சில்லை. "கரண்ட் வைக்கணுமாம் சார். ஸ்கேனில் சின்னக் கட்டியும் தெரியுதாம். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம்மவர் பலருக்கும் உதவும் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

1938ல் ரோம் நகரில் தொடங்கிய சிகிச்சை இது. சினிமாவில் காட்டுவது போல் விழித்திருப்பவரைக் கட்டிப்போட்டுச் செய்வதல்ல. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே தடுக்கிறது. உணவை மறுப்பவர், உயிரை மாய்த்துக்கொள்ளத் துடிப்பவர் ஆகியோருக்கு இது விரைவில் பலன் தருகிறது.

கட்டி இருந்தால் என்ன ஆபத்து? மின்சாரம் பாய்ந்து வலிப்பு வரும்போது மூளைக்கு ரத்தம் வேகமாகப் பாய்கிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. மண்டையோடு விரியாது. நிரம்பி வழியும் ரயில் பெட்டியில் மேலும் ஆளை ஏற்றுவது போலத்தான். கட்டியைச் சுற்றி வீக்கமும் அழுத்தமும் ஏற்கெனவே இருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதனால் ஒரு காலத்தில் கட்டி என்றாலே கூடாது என்றார்கள். இன்றோ, கட்டி சிறியதாக, வீக்கமோ அழுத்தமோ இல்லாததாக இருந்தால் எச்சரிக்கையுடன் தரலாம் என்பதே மருத்துவர்கள் கருத்து. முதலில் ஸ்கேன் எடுத்து, கண்ணின் உட்புறத்தையும் சோதிப்பார்கள். தேவையானால் வீக்கம் குறைக்கும் மருந்தும், ரத்த அழுத்தம் எகிறாமல் காக்கும் மருந்தும் தருவார்கள். மின்முனைகளைக் கட்டிக்குத் தள்ளி வைப்பார்கள். சிலருக்குக் கட்டியே மனச்சோர்வுக்குக் காரணமாகலாம். அப்போது அறுவை சிகிச்சை முந்தும்.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலைத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, பழைய தலைக்காயம் எதையும் மறைக்காதீர்கள். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். "மூளை அறுவை டாக்டரும் மயக்க டாக்டரும் பார்த்தார்களா?" என்று கேளுங்கள். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. ஓசூர் ரோட்டில் 1974ல் உருவான நிம்ஹான்ஸில் மனநலம், நரம்பியல், மூளை அறுவை மூன்று பிரிவுகளும் ஒரே வளாகத்தில் உள்ளன.

அந்த அம்மாளிடமும் இதையே சொன்னேன். கையெழுத்து அவருடையது, கேட்டுத் தெரிந்துகொண்டு போடும் உரிமையும் அவருடையதே.