கால் பட்டறையிலிருந்து: ரெசின் இறுகாதபோது

கர்த்தருக்குள் அன்பான ஆதரவாளர்களே,

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு எங்கள் செயற்கைக் கால் பட்டறைக்குச் செலவாகிறது. அங்கே ஒரு பொருள் வீணானால் அதையும் உங்களுக்குச் சொல்வது எங்கள் கடமை. எனவே 2023ஆம் ஆண்டு நவம்பரில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும், அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் சகோதரர் ஒருவர், சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நடந்தே போகவேண்டும் என்பது அவருடைய ஜெபம். அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, அதன்மேல் சாக்கெட் செய்தோம். மறுநாள் அச்சை உடைத்து எடுத்தபோது சாக்கெட்டின் உட்புறம் விரலில் ஒட்டியது. ரெசின் நெடியும் போகவில்லை.

எஞ்சிய கால் போய் உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட். முன்பு மரத்திலும் தோலிலும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி நாரிழையும் பாலியெஸ்டர் ரெசினும் புழக்கத்துக்கு வந்தன. ரெசின் தேன் போன்ற திரவம். அதில் கோபால்ட் கலவை சிறிதளவு முதலிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். வேலை நேரத்தில் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட் கலந்தால், அது தானே சூடேறிக் கெட்டியாகிவிடும். இது ஈரத்துணி காய்வதைப் போன்றதல்ல. உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம். (கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.)

ஒட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் கேட்டலிஸ்ட் தடவலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். தடவிப் பயனில்லை, அது உள்ளே போய்க் கலப்பதில்லை. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நாங்கள் பார்த்தது, கலக்கிய கப்பின் அடியில் மீந்திருந்த ரெசினை.

கப்பில் இருப்பதும் பிசுபிசுத்தால் குறை கலவையில் இருக்கிறது: கேட்டலிஸ்ட் குறைந்திருக்கலாம், பழையதாகி வீரியம் இழந்திருக்கலாம், ஓரங்களைச் சேர்த்துக் கலக்காமல் விட்டிருக்கலாம், நிறப்பொடி அதிகமாகியிருக்கலாம். கப்பில் இருப்பது கெட்டியாகி, சாக்கெட்டின் வெளிப்புறம் மட்டும் ஒட்டினால், மேலே காற்றுப் பட்டிருக்கிறது. மேலுறை கிழிந்ததா என்று பார்க்க வேண்டும். கப்பில் உள்ளது திரண்டிருப்பதால் சூடு தங்கிச் சீக்கிரம் இறுகும். சாக்கெட்டின் சுவரோ மெல்லியது. ஆகவே ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

அப்படியே விளக்கின் கீழ் ஒரு நாள் வைத்தோம். எங்கள் கப்பில் இருந்தது கல்லைப்போல் இருந்தது. சாக்கெட்டின் வெளிப்புறமும் நன்றாக இருந்தது. உட்புறம் மட்டும் மாறவில்லை. அப்படியானால் ஈரம் அச்சிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த வாரம் அது. பிளாஸ்டர் அச்சு மேலே உலர்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாயிருந்தது. அச்சுக்கும் ரெசினுக்கும் இடையே இழுத்துப் போடும் பி.வி.ஏ. உறை தண்ணீரில் கரையக்கூடியது. ஈரம் அதை இளக்கி ரெசினுக்குள் புகுந்துவிட்டது. குறை ரெசினில் இல்லை. எங்கள் அவசரத்தில் இருந்தது.

உட்புறத்தை அசிட்டோனால் துடைத்துத் தேய்த்துக் கொடுத்திருந்தால் நாளும் பணமும் மிச்சமாகியிருக்கும். ஆனால் இறுகாத ரெசின் தோலை அரிக்கும். சாக்கெட்டும் அழுத்தத்தில் வடிவம் மாறும். அந்தச் சகோதரருக்கோ அந்தக் காலில் உணர்ச்சி குறைவு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் சிதைவதற்கு வலி தெரியாமையே பெருங்காரணம் என்று கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். சர்க்கரை நோயால் உணர்விழந்த காலுக்கும் அது பொருந்தும். சாக்கெட் உறுத்தினால் அவருக்குத் தெரியாது. புண் ஆழமான பிறகே தெரியும். முழங்காலுக்கு மேலேயும் இழக்க நேரிடலாம்.

அந்தச் சாக்கெட்டை வெட்டிப் போட்டோம். கிறிஸ்துமஸுக்குக் கால் தயாராகாது என்பதை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, இருக்கிற காலாவது நல்லா இருக்கணும். நிதானமாச் செய்யுங்க" என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் ஊன்றுகோலோடுதான் ஆலயத்துக்கு வந்தார்.

புதிய அச்சை வெப்பக் காற்றில் பல நாட்கள் உலர்த்தி, நாள்தோறும் எடைபோட்டோம். எடை குறைவது நின்ற பிறகே ரெசினைத் தொட்டோம். பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் புதுக் காலில் நடந்தார். ஒவ்வொரு மாலையும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க அவருடைய மனைவிக்கும் கற்றுக்கொடுத்தோம்.

இப்போது எடை பார்க்காமல் எந்த அச்சும் எங்கள் பட்டறையில் அடுத்த மேசைக்குப் போவதில்லை. அச்சுகளை உலர்த்த ஒரு நல்ல வெப்ப அலமாரி எங்களுக்குத் தேவையாயிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அது கிடைக்கும்படி ஜெபியுங்கள், இயன்றவர்கள் தாங்குங்கள். வீணான அந்தச் சாக்கெட்டும் உங்கள் காணிக்கைதான் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
கால் பட்டறை ஊழியர்கள்