களவாவுக்குள் காத்திருக்கும் புழு

மட்டக்களப்பில் களவா மீனை வெட்டும்போது சதைக்குள் நெல்மணி போல வெள்ளையாக ஒன்று தென்பட்டால், மீனையே எறிந்துவிடுவோர் உண்டு. அது அழுகலும் அல்ல, நஞ்சும் அல்ல. பெரும்பாலும் நாடாப்புழுவின் குடம்பி.

அந்தப் புழு முதிர்ந்து முட்டையிடுவது சுறா, திருக்கை ஆகியவற்றின் குடலில். முட்டை கழிவோடு கடலில் கலக்கும். அதிலிருந்து வரும் குடம்பியை, நீரில் மிதக்கும் பொடி ஓட்டுடலி ஒன்று விழுங்கும். சுறா அந்தப் பொடி உயிரைத் தேடித் தின்னாது. சின்ன மீன் ஓட்டுடலியைத் தின்ன, களவா சின்ன மீனைத் தின்ன, சுறா களவாவைத் தின்றால்தான் புழு ஊர் போய்ச் சேரும். களவாவுக்குள் அது முட்டையிடுவதில்லை. உறை கட்டிக்கொண்டு கிடக்கும். ‘காவி’ என்று பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த மீனில்தான் புழுவின் வம்சமே தங்கியிருக்கிறது.

இந்தச் சங்கிலியை நம் கடலில் தேடிய கதை பழையது. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட், 1850களின் இறுதியில் திருகோணமலைப் பக்கம் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்து, சிப்பிக்குள் வாழும் புழுக்களுக்கு முத்து உண்டாவதில் பங்கிருப்பதாக எழுதினார். 1902இல் மன்னார் முத்துப்பார்களைப் பார்க்க லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் வந்தார்கள். முத்தின் நடுவே நாடாப்புழுக் குடம்பியைக் கண்டதாகச் சொன்னார்கள். சிப்பியிலிருந்து அதைத் தின்னும் கிளாத்திக்கும், கிளாத்தியிலிருந்து திருக்கைக்கும் அதன் பாதையை வரைந்தார்கள். அவர்கள் கணக்குப்படி, சிப்பியைத் தின்று அழிக்கும் மீனே முத்து விளையவும் வேண்டியது! பின்வந்த ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. ஓட்டைச் சுரக்கும் கலங்கள் இடம்மாறிப் பையாகச் சூழ்வதால்தான் முத்து உருவாகிறது. புழு சில வேளை அதைத் தூண்டலாம், அவ்வளவே. ஆனாலும் ஒரு புழுவை அறிய அதைச் சுமக்கும் மீன்கள் யாவற்றையும் அறியவேண்டும் என்ற அவர்களது தேடலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சுறாவும் திருக்கையும் அளவின்றிப் பிடிபட்டுக் குறைந்தால், களவாவின் வெள்ளை மணிகளும் குறையும். வாங்குபவருக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றலாம். எனக்கோ கடலே வெறுமையாவதன் அறிகுறி.

சுறாவின் புழு மனிதக் குடலில் முதிராது. மனிதரைப் பிடிக்கும் மீன் நாடாப்புழு வேறு இனம். பின்லாந்து, ரஷ்யா போன்ற குளிர்நாட்டு ஏரிகளில் பேர்போனது. அங்கே சின்ன மீனை விழுங்கிய பைக் மீன் காவியாகிறது; அதைச் சரியாக வேகவைக்காமல் உண்டவரின் குடலில் புழு 10 மீற்றர் வரை நீண்டு, விற்றமின் பி12ஐ உறிஞ்சிவிடுகிறது. நம் அடுப்படியில் மீன் நன்றாகக் கொதிக்கிறது. வெள்ளை மணியைக் கத்தி நுனியால் கெல்லி எறிந்துவிட்டு, மிச்ச மீனைத் தாராளமாக ஆணம் காய்ச்சலாம்.