வீட்டிலிருந்தே படித்து நர்ஸ் ஆக முடியுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த சமயம். சிறுசேரி சிப்காட்டில் கம்பெனி ஊழியர்களுக்குக் கார் ஓட்டும் சகோதரர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் ஒரு நோட்டீஸை நீட்டினார். 'தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. நர்சிங், வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று அதில் இருந்தது. "ஹஜ்ரத், புள்ளைய வெளிய அனுப்பாமலே நர்ஸ் ஆக்கிடலாம் போலிருக்கு. பணம் கட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

கட்ட வேண்டாம் என்றோம். ஏன் என்று மற்ற பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது.

தொலைதூரக் கல்வி தரம் குறைந்தது என்பதல்ல நம் எண்ணம். மதரஸாவில் ஓதியதற்குப் பின் நாம் பி.ஏ. பட்டம் பெற்றதே அஞ்சல் வழியில்தான். வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களை வீட்டிலிருந்து படிக்கலாம். நர்சிங் அப்படியல்ல. குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதக் கற்பவர் உஸ்தாதின் முன்னால் உட்கார வேண்டும். எழுத்து பிறக்கும் இடத்தைப் புத்தகம் சொல்லும். நம் நாவின் பிழையை உஸ்தாதின் காதுதான் பிடிக்கும். ஊசி போடுவதும், டிரிப் ஏற்றுவதும், பிரசவ வார்டில் தாயைக் கவனிப்பதும் அப்படியே. நோயாளியின் கட்டிலருகே, மூத்த நர்ஸின் கண்காணிப்பில் கைப்பழக்கமாக வர வேண்டியவை அவை.

சட்டமும் இதையே சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டுத் தொலைதூரக் கல்வி விதிகள், அம்முறையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி ஆகியவற்றுடன் நர்சிங்கையும் வைத்திருக்கின்றன. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு நேரடிப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். டிப்ளமோ நர்சிங் மூன்று ஆண்டு. அதுவும் நேரடிப் படிப்பே.

அப்படியானால் 'தொலைதூர நர்சிங் பட்டம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மத்திய அரசின் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்' என்ற படிப்பை நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அது புதிதாக நர்ஸ் ஆக விரும்புவோருக்கானது அல்ல. டிப்ளமோ முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, பணியில் இருக்கும் நர்ஸ்கள் பட்டதாரி ஆவதற்கானது. பிளஸ் டூவுக்குப் பின் டிப்ளமோ முடித்தவர்கள், பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டு பணி அனுபவம் காட்ட வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு. அதிலும் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும். நம் வீட்டில் ஏற்கனவே டிப்ளமோ நர்ஸாகப் பணிபுரியும் மகளோ மருமகளோ இருந்தால், நடப்புப் பருவத்துக்குச் சேர்க்கை அறிவிப்பு இருக்கிறதா என்று இக்னோவிடமே நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம். இடைத்தரகர் தேவையில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டினால் என்ன ஆகும்? படிப்பு முடிந்தபின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயர் பதிவாகாது. பதிவு இல்லாதவர் கையில் என்ன சான்றிதழ் இருந்தாலும் சட்டப்படி அவர் நர்ஸ் அல்ல. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சவூதி, அமீரகம், கத்தார் என்று வளைகுடாக் கனவு நம் வீடுகளில் அதிகம். அங்கே உரிமம் தருமுன் நம் சான்றிதழ்களை, அவற்றை வழங்கிய நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பணத்தோடு பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளும் போய்விடும். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம், அந்த வயதைத் திரும்பத் தர முடியாது.

மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவம் அறியாதவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. நோயாளியின் உயிர் நம்மிடம் தரப்படும் அமானிதம்.

பெண் பிள்ளையை வெளியே அனுப்புவதில் பெற்றோருக்கு இருக்கும் கவலை நமக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்தப் பணி நம் பெண்களுக்குப் புதிதல்ல. அகழ்ப் போரின்போது காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, காயத்துக்கு மருந்திடும் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைக்கும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். நம் மனைவியின் பிரசவத்துக்குப் பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கிற நாம், நம் மகள் மட்டும் நர்ஸ் ஆகக் கூடாது என்பது நியாயமாகுமா?

தூரமும் பெரிதல்ல. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது. சிறுசேரிக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்திலேயே தனியார் நர்சிங் கல்லூரி இருக்கிறது. தலையை மறைத்து உடுத்த அனுமதி உண்டா, விடுதி எப்படி, இரவுப் பயிற்சிக்குப் போக்குவரத்து என்ன என்பதையெல்லாம் சேருமுன் நேரில் போய்க் கேளுங்கள். தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டப் படிப்பென்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போல எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது? முடித்தால் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? எந்த மருத்துவமனையில் பயிற்சி? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கல்லூரி சொன்னதோடு விடாமல், பல்கலைக்கழகத்திலும் கவுன்சிலிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரரிடமும் இவற்றையே சொன்னோம். "அப்ப திங்கக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் விசாரிச்சுட்டு வரேன் ஹஜ்ரத், புள்ளையும் கூட வரட்டும்" என்றார். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கும், படிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.