பாட்டனாரின் ஹெட்போன்

என் பாட்டனாரின் பெட்டியில் பழைய ஹெட்போன் ஒன்று கிடைத்தது. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியபோது, கிரிஸ்டல் ரேடியோவில் இதை மாட்டித்தான் அவர் கேட்டார் என்பது எங்கள் வீட்டு வழக்கு. அதைச் சோதித்தறிய விரும்பினேன்.

முதலில் முத்திரையைத் தேடினேன். 1920-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் விற்பனையான பல கருவிகளில் பி.பி.சி. என்ற எழுத்துகள் கொண்ட வட்ட முத்திரை உண்டு. இதிலோ யாரோ உலோகத்தைத் தேய்த்துத் துலக்கியிருந்தார்கள். மாணவ நண்பர்களே, துலக்குமுன் படித்துவிடுங்கள்!

எஞ்சியது மின்தடை. கிரிஸ்டல் ரேடியோவுக்கு மின்கலம் கிடையாது. வான்கம்பியில் சிக்கும் நலிந்த மின்னோட்டமே ஒலியாக வேண்டும். அத்துணைச் சிறிய ஓட்டம் காதுக்குள்ளிருக்கும் இரும்புத் தகட்டை அசைப்பதற்காக, காந்தத்தின் முனைகளில் மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுவார்கள். ஆதலின் அத்தகைய ஹெட்போனின் தடை பெரும்பாலும் 2000 ஓமுக்குக் குறையாது. 4000, 8000 என்றும் இருக்கும். தொலைபேசிக்கென்று செய்தவற்றில் சுற்றுகளும் குறைவு, தடையும் குறைவு.

என் மீட்டர் காதொன்றுக்கு 65 ஓம் காட்டியது. கம்பி அறுந்திருந்தால் முள் அசைந்தே இராது. ஒரு காது பழுதென்றால், இரண்டும் ஒரே அளவைக் காட்டுவானேன்?

தந்தையாரிடம் தயங்கித்தான் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

“அப்பா கொஞ்ச காலம் டெலிபோன் இலாகாவில் இருந்தார்” என்றார் பிறகு.