8-ம் வகுப்போடு படிப்பு நிற்க வேண்டாம்

பெங்களூர் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பகுதிகளில் கூலி வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பிள்ளை 8-ம் வகுப்பை முடிக்கும்போது, "படித்தது போதும், வேலைக்குப் போகட்டுமே" என்ற பேச்சு வீட்டில் எழும்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்கு உறுதி அளிப்பதும் 8-ம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் என்ன செய்வது?

இங்கேதான் மத்திய அரசின் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகை கைகொடுக்கிறது. 8-ம் வகுப்போடு பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்க 2008-ல் தொடங்கப்பட்ட திட்டம் இது.

யாருக்குக் கிடைக்கும்?

அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்போருக்கு மட்டுமே. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3½ லட்சத்தைத் தாண்டக்கூடாது. 7-ம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் போதும்.

8-ம் வகுப்பில் தேர்வு நடக்கும். ஒரு தாள் சிந்தனைத் திறனுக்கு. மற்றொன்று 7, 8-ம் வகுப்புப் பாடங்களுக்கு.

ரூ.48 ஆயிரம்

தேர்வு பெற்றால் 9-ம் வகுப்பு முதல் பி.யு.சி. 2-ம் ஆண்டு வரை, ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம். நான்கு ஆண்டில் ரூ.48 ஆயிரம். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். இடையில் பெயில் ஆனால் உதவி நின்றுவிடும். 10-ம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பி.யு.சி.யில் தொடரும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 55.

8-ம் வகுப்பைத் தாண்டிவிட்டால் இந்தத் தேர்வை எழுத முடியாது. ஆகவே, கன்னட அறிவிப்பைப் படிக்கத் தெரியாத பெற்றோர், பிள்ளை 8-ம் வகுப்பில் சேர்ந்ததுமே தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். வருமானச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது.