தலைவலி போச்சு... சிரிப்பும் போச்சு!



நான் பாஞ்சாலங்குறிச்சியில் வசிக்கும் 36 வயது குடும்பத் தலைவி. பத்தாவது வரை படித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஒரு பெண், ஒரு பையன். நான் பட்ட பாடு உங்களில் ஒருவருக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பல வருடமாக ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் வலது பக்கம் சம்மட்டியால் அடிப்பது போல் இருக்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, வாந்தி வேறு. மாதவிலக்கு நெருங்கினால் கட்டாயம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் மூன்று மடங்கு அதிகமாம். மாதத்தில் ஏழெட்டு நாள் நாம் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது?

டாக்டரிடம் போனேன். வலி வராமலே தடுக்கும் மாத்திரை என்று ஃப்ளூனரிசின் எழுதிக் கொடுத்தார். ராத்திரி ஒன்று வீதம் மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். இரண்டே மாதத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. மூன்று மாதம் முடிந்ததும் நான் போகவில்லை. பஸ் செலவு, ஃபீஸ், ஒரு நாள் வேலை கெடும். 'அதான் நல்லா இருக்கே' என்று பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி, ஒன்றே கால் வருடம் வாங்கி விழுங்கினேன். கடையிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் உடம்பு போட்டது. ஏழு கிலோ! ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைத்தேன். பட்டப்பகலில் கண்ணைச் சுழற்றும். அப்புறம் மனசு. காரணமே இல்லாமல் அழுகை வரும். என் பெண் பத்தாம் வகுப்பில் 460 மார்க் வாங்கி ஓடி வந்து காட்டினாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சில ராத்திரி, 'நாம இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்களோ' என்றுகூட நினைப்பு வந்தது. வெளியில் சொல்ல வெட்கம்.

"ஏளா, யாரோ கண்ணு வச்சுட்டாளுவ" என்று அத்தை சுற்றிப் போட்டார்கள். வீரசக்கதேவிக்கு நேர்ந்துகொண்டோம். ஒரு நாள் இவருக்குக் காபி நீட்டும்போது டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. "கை ஏன் இப்படி நடுங்குது? கெளம்பு" என்று அன்றைக்கே தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அட்டையை நீட்டினேன். "எவ்வளவு நாளா?" சொன்னேன். "முன்னால எப்பவாவது மனசு சரியில்லாம இருந்திருக்கீங்களா?" என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் பிறந்தபோது மூன்று மாதம் இப்படித்தான் அழுதுகொண்டு கிடந்தேன். தலைவலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முதல் டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை.

சம்பந்தம் இருக்கிறது! மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாதாம். மூளையில் டோபமின் என்று ஒன்று உண்டு. அதன் வேலையை இது தடுப்பதால் சிலருக்குக் கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வரும். வயதானவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். பலன் கிடைத்தாலும் ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டிய மருந்து இது. மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு நல்லது செய்கிறது. எனக்குப் பொருந்தாததை, அளவு மீறி நானே சாப்பிட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி நிறுத்தினேன். நடுக்கம் இரண்டு மாதத்தில் போனது. மனசு தெளிய நாலு மாதம் ஆனது. வேறு மருந்தோடு, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று இருக்கிறேன். தலைவலி இப்போதும் மாதத்தில் மூன்று நாள் வருகிறது. ஆனால் சிரிக்கிறேன்!

அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் தருகிறேன். புரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. டோபிராமேட்டில் விரல் மதமதப்பு, மறதி, சிறுநீரகக் கல் வரலாம். வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். எர்கோடமின் கலந்த மாத்திரை கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் கூடாது. எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் கை கால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் இந்த வலி மாத்திரையைப் போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டு வரும்.

ஆகவே சகோதரிகளே, டாக்டரிடம் போகும்போது பழைய நோய், பிரசவத்துக்குப் பிறகு பட்ட கஷ்டம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 'எத்தனை மாதம் சாப்பிடணும்?' என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். பழைய சீட்டுக்கு மருந்து வாங்காதீர்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் பக்கவிளைவை நாமே அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே படிவமும் உண்டு. என்னைப் போல் வேண்டாத நினைப்பு வந்தால் 14416க்குப் பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

போன வாரம் என் பெண், "அம்மா, நீ பழைய அம்மா ஆயிட்டே" என்றாள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

— ஒரு வாசகி, பாஞ்சாலங்குறிச்சி.